கண் போன பின்னும் கணக்குப் போட்டவர்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்டது லியோனார்டு ஆய்லர் என்ற கணித மேதையின் வாழ்க்கை. எழுத்தைப் பார்த்து யூலர் என்று படிக்கிறவர்கள் உண்டு. அவர் பிறந்த ஊரில் ஆய்லர் என்றுதான் சொல்வார்கள். பிளஸ் டூ படிக்கிற நாம் தினமும் இ பவர் எக்ஸ், இ பவர் எக்ஸ் என்று எழுதிக்கொண்டே இருக்கிறோமே, அந்த எண்ணுக்கு 'இ' என்ற எழுத்தைப் போட்டவர் இவர்தான். அதை வகையிட்டால் அதுவே திரும்ப வரும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் வரும் என்று கேட்டால்தான் முழிக்கிறோம். அந்த 'ஏன்' ஆய்லரின் வாழ்க்கைக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கதையையும் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சூத்திரங்களை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தால் சட்டென்று புரியும். சின்ன வகுப்புத் தம்பி தங்கைகள் கணக்கு வரும் இடத்தைத் தாண்டிப் போகலாம், கதை அறுந்து போகாது.

ஆய்லர் 1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பால் ஆய்லர் தேவாலயப் போதகர். பக்கத்தில் ரீஹன் என்ற கிராமத்தில்தான் பையன் வளர்ந்தான். அப்பாவுக்கும் கணக்கு தெரியும். அவர் கல்லூரியில் படித்த காலத்தில் யாக்கோபு பெர்னோலி என்ற பெரிய கணிதப் பேராசிரியரின் வகுப்புகளைக் கேட்டவர். அதனால் முதல் கணக்குப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பாசெல் நகரில் பாட்டி வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போனார். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமே கிடையாதாம்! (கேட்டவுடன் நம்மில் சிலருக்கு அந்தப் பள்ளியில் சேர ஆசை வரும். எனக்குத் தெரியும்.)

13 வயதில், 1720இல் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மகன் தன்னைப் போலப் போதகர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தவர் யோஹான் பெர்னோலி, யாக்கோபுவின் தம்பி. அவரிடம் போய்த் தனியாகப் பாடம் சொல்லித் தரக் கேட்டார் ஆய்லர். நேரம் இல்லை என்று மறுத்துவிட்டார் பேராசிரியர். ஆனால் ஒரு வழி சொன்னார். கஷ்டமான புத்தகங்களை நீயே எடுத்துப் படி, எங்கே புரியவில்லையோ அதை மட்டும் சனிக்கிழமை மதியம் வந்து கேள். அவ்வளவுதான் ஏற்பாடு. பையன் வாரம் முழுக்கப் படிப்பான். சனிக்கிழமை போய்ச் சந்தேகம் கேட்பான். அதிகம் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று முடிந்தவரை தானே விடை கண்டுபிடித்துவிட்டுத்தான் போவான். டியூஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வருகிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான். கடைசியில் யோஹான் பெர்னோலியே அப்பாவிடம் பேசி, இவன் கணக்குப் படிக்கட்டும் என்று சம்மதிக்க வைத்தார்.

1727இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு போட்டி வைத்தது. கப்பலில் பாய்மரங்களை எங்கே நட்டால் நல்லது என்பது கேள்வி. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. ஆனாலும் 20 வயதுகூட நிரம்பாத ஆய்லர் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினார், இரண்டாம் இடமும் வாங்கினார். சொந்த ஊரில் இயற்பியல் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. வயது ரொம்பக் குறைவு. முந்தைய வருஷமே ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அங்கே யோஹானின் மகன் டேனியல் பெர்னோலி ஏற்கனவே வேலையில் இருந்தார். 1727 ஏப்ரலில் ரைன் நதியில் படகு ஏறினார் ஆய்லர். பிறகு வண்டி, பிறகு கப்பல். மே மாதம் போய்ச் சேர்ந்தார். அன்று விட்டுப் போன பாசெல் நகருக்கு அவர் அப்புறம் திரும்பவே இல்லை.

பீட்டர்ஸ்பர்க் போன கொஞ்ச நாளில் பீரங்கிக் குண்டு எவ்வளவு உயரம் போகும் என்ற சோதனைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அவர் காலத்தில் அச்சாகவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியில்தான் முதல் முறையாக 2.71828 என்று போகிற எண்ணுக்கு 'இ' என்ற எழுத்து வருகிறது. 1731இல் கோல்ட்பாக் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்திலும் அதே எழுத்து. 1736இல் வெளிவந்த இயக்கவியல் புத்தகத்தில் அது அச்சில் ஏறியது. தன் பெயரின் முதல் எழுத்தைத்தான் வைத்துக்கொண்டார் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பெருமை பேசுகிற ஆள் இல்லை அவர் என்பதால் எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

எண் அவருக்கு முன்னாலேயே தெரிந்ததுதான். 1683இல் யாக்கோபு பெர்னோலி கூட்டு வட்டிக் கணக்கு ஒன்றைப் பார்த்தார். 1 ரூபாய்க்கு வருஷத்துக்கு 100 சதவீத வட்டி என்றால் வருஷக் கடைசியில் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அசலில் சேர்த்தால் 2.25. மாதா மாதம் சேர்த்தால் சுமார் 2.61. தினமும் சேர்த்தால் சுமார் 2.71. நிமிஷத்துக்கு நிமிஷம் சேர்த்தால்? கோடி கோடியாக வளராது! 2.71828க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். யாக்கோபு, இது 2க்கும் 3க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்ற வரை போனார். அதைப் பிடித்து, அது கணிதத்துக்கே எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர் ஆய்லர்.

எப்படிக் காட்டினார்? 1748இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் வருகிறது. முடிவிலி பற்றிய பகுப்பாய்வுக்கு ஓர் அறிமுகம் என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்த நூல். அவர் யோசித்த வழி இதுதான். எந்த எண்ணின் அடுக்கு 0 என்றாலும் விடை 1. அடுக்கு 0ஐ விடத் துளியூண்டு அதிகமானால் விடையும் 1ஐ விடத் துளியூண்டு அதிகமாகும். அந்த இரண்டு துளிகளுக்கும் உள்ள விகிதம் என்ன? அதற்கு 'கே' என்று பெயர் வைத்தார். அடிமானம் மாறினால் கே மாறும். 10 அடிமானம் என்றால் கே 2.30258 வரும் என்று மடக்கை அட்டவணையிலிருந்தே காட்டினார்.

நம் கால்குலேட்டரிலும் பார்க்கலாம். 2 பவர் 0.001 போட்டு, 1ஐக் கழித்து, 0.001ஆல் வகுங்கள். ஏறக்குறைய 0.693 வரும். 3 பவர் 0.001க்குச் செய்தால் ஏறக்குறைய 1.099. ஒன்றில் 1க்குக் கீழே, இன்னொன்றில் 1க்கு மேலே. அப்படியென்றால் 2க்கும் 3க்கும் நடுவில் கே சரியாக 1 வருகிற ஓர் அடிமானம் இருந்தே ஆக வேண்டும். அது எது? அதுதான் 2.71828. அதுதான் இ!

இப்போது வகையிடலுக்கு வாருங்கள். 2 பவர் எக்ஸ் என்ற சார்பை அடிப்படை விதிப்படி வகையிட்டால், 2 பவர் எக்ஸ் அப்படியே வெளியே வந்துவிடும், மிச்சம் நிற்பது மேலே பார்த்த அந்த விகிதம். அதாவது 2 பவர் எக்ஸின் வகைக்கெழு 0.693 பெருக்கல் 2 பவர் எக்ஸ். 3 பவர் எக்ஸின் வகைக்கெழு 1.099 பெருக்கல் 3 பவர் எக்ஸ். எந்த அடிமானம் எடுத்தாலும் ஒரு வால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இ எடுத்தால் மட்டும் வால் 1. ஒன்றால் பெருக்கினால் என்ன, பெருக்காவிட்டால் என்ன? அதனால்தான் இ பவர் எக்ஸை வகையிட்டால் அதுவே வருகிறது. மந்திரம் எதுவும் இல்லை. வால் இல்லாத அடிமானத்தைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் ஆய்லரின் மற்ற எல்லாச் சாதனைகளையும் விட நமக்குத் தினசரி உதவுகிறது இந்தத் தேர்வுதான்.

2 பவர் எக்ஸை, எக்ஸ் இன்டூ 2 பவர் எக்ஸ் மைனஸ் 1 என்று வகையிட்டு வைக்கிற பேப்பர்கள் வருஷா வருஷம் உண்டு. எக்ஸ் பவர் 2க்கான விதியை இதன் தலையில் கட்டுவதால் வருகிற வினை. மாறி கீழே இருக்கிறதா, மேலே அடுக்கில் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்தால் போதும்.

சரி, கதைக்கு வருவோம். 1733இல் டேனியல் ஊருக்குத் திரும்பிவிட, 26 வயதில் ஆய்லர் கணிதப் பேராசிரியர் ஆனார். அடுத்த வருஷம் ஓவியர் ஒருவரின் மகளான கத்தரீனா க்செல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 13 குழந்தைகள் பிறந்தன. பிழைத்து வளர்ந்தவை 5தான். அந்தக் காலத்தில் அது எல்லா வீட்டிலும் நடந்ததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். எட்டுக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில் அது வழக்கமான விஷயமாக இருந்திருக்குமா என்ன? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற குழந்தைகள் சுற்றி விளையாட, அவர் பாட்டுக்குக் கணக்கு எழுதுவார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1735இல் கடுமையான காய்ச்சல் வந்து உயிர் பிழைத்தார். 1738இல் வலது கண் பார்வை போயிற்று. ரஷ்யாவுக்கு நிலப்படம் தயாரிக்கிற வேலையில் கண்ணை வருத்தியதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். அப்போது வயது 31. ஒற்றைக் கண்ணோடு அடுத்த வருஷம் அவர் செய்ததுதான் நம் பாடத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்டது.

அதைச் சொல்லுமுன் சங்கிலி விதியைப் பார்த்துவிடலாம். சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 16 பல் என்று வைப்போம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 3 சுற்று. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 3 பெருக்கல் 2, ஆறு மீட்டர். கூட்டவில்லை, பெருக்கினோம். ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தை இழுத்துக்கொண்டு போகும்போது வேகங்கள் பெருகும். இதுதான் சங்கிலி விதி. இந்த வழியை லைப்னிட்ஸ் 1676லேயே பயன்படுத்தியிருக்கிறார். ஆய்லர் இதற்குத் தனியாகப் பெயர் வைத்து விதி என்று எழுதவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. 1755இல் வந்த அவருடைய வகைநுண்கணிதப் புத்தகத்தில், அடுக்கில் எக்ஸுக்குப் பதில் 'பி' என்ற வேறொரு சார்பு இருந்தால், கடைசியில் டி எக்ஸ் போடுகிற இடத்தில் டி பி போடுவார். அந்த டி பி-யைத் திரும்ப எக்ஸில் விரித்தால் உள்ளே இருப்பதன் வகைக்கெழு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதன்படி, இ பவர் 5 எக்ஸை வகையிட்டால் 5 இன்டூ இ பவர் 5 எக்ஸ். இ பவர் எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் 2 எக்ஸ் இன்டூ இ பவர் எக்ஸ் ஸ்கொயர். இ பவர் சைன் எக்ஸ் என்றால் காஸ் எக்ஸ் இன்டூ இ பவர் சைன் எக்ஸ். அடுக்கு என்னவாக இருந்தாலும் முழுச் சார்பும் அப்படியே நிற்கும், அடுக்கின் வகைக்கெழு மட்டும் முன்னால் பெருக்கலாக வந்து நிற்கும். 2 பவர் எக்ஸின் 0.693 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கும். 2 என்பதே இ பவர் லாக் 2தான். ஆகவே 2 பவர் எக்ஸ் என்பது இ பவர் எக்ஸ் லாக் 2. உள்ளே இருக்கும் லாக் 2 வெளியே வருகிறது. இயற்கை மடக்கையில் லாக் 2இன் மதிப்பு 0.693!

அந்த முன்னால் வருகிற எண்ணை விட்டுவிட்டால் ஒரு மார்க்தானே போகும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஊரில் 1 லட்சம் பேர் இருக்கிறார்கள், டி வருஷம் கழித்து மக்கள்தொகை 1 லட்சம் இன்டூ இ பவர் 0.03 டி என்று வைப்போம். வகையிட்டால் 0.03 முன்னால் வரும். அதாவது இப்போது வருஷத்துக்கு 3,000 பேர் என்ற வேகத்தில் கூடுகிறார்கள். 0.03ஐ மறந்தவர் விடையில் வருஷத்துக்கு 1 லட்சம் பேர்! எத்தனை பள்ளிக்கூடம் கட்டுவது, எத்தனை குடம் தண்ணீர் கொடுப்பது? இன்னொன்று. உடம்பில் இருக்கும் மருந்து இ பவர் மைனஸ் 0.2 டி என்று குறைந்துகொண்டே வருகிறது என்றால், வகையிடும்போது மைனஸ் 0.2 வெளியே வரும். அதை விட்டுவிட்டால் குறைகிற மருந்து கூடுகிறது என்று விடை வரும். அடுத்த வேளை மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு குறியில் இருக்கிறது.

ஆய்லரும் 1748 புத்தகத்தில் மக்கள்தொகைக் கணக்குதான் கொடுத்தார். ஒரு நாட்டில் 1,00,000 பேர், வருஷா வருஷம் முப்பதில் ஒரு பங்கு கூடுகிறார்கள், 100 வருஷத்தில் எவ்வளவு? மடக்கை வைத்து அவர் போட்ட விடை 26,54,874. கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அசந்து போவீர்கள்.

இப்போது 1739க்கு வருகிறேன். ஊசலாடும் பொருள், அதிரும் கம்பி இப்படி எதை எடுத்தாலும் வகைக்கெழுச் சமன்பாடு வந்து நிற்கும். அதாவது ஒய், அதன் முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு எல்லாம் கலந்த சமன்பாடு. ஒய் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆய்லர் ஒரு வேலை செய்தார். விடை இ பவர் கே எக்ஸ் என்று வைத்துப் பார்ப்போமே என்றார். (இந்த கே வேறு, முன்னால் வந்த கே வேறு.) சங்கிலி விதிப்படி ஒரு தடவை வகையிட்டால் ஒரு கே வெளியே வரும். இரண்டு தடவை வகையிட்டால் கே ஸ்கொயர். இ பவர் கே எக்ஸ் மட்டும் மாறாமல் எல்லா உறுப்பிலும் பொதுவாக நிற்கும். அது ஒரு நாளும் பூச்சியம் ஆகாது, வகுத்துத் தள்ளிவிடலாம். மிச்சம் என்ன? உதாரணத்துக்கு, ஒய் டபுள் டேஷ் மைனஸ் 5 ஒய் டேஷ் பிளஸ் 6 ஒய் சமம் 0 என்ற பயங்கரமான சமன்பாடு, கே ஸ்கொயர் மைனஸ் 5 கே பிளஸ் 6 சமம் 0 ஆகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளையே காரணிப்படுத்திவிடும்! கே 2 அல்லது 3. ஆகவே இ பவர் 2 எக்ஸ் ஒரு விடை, இ பவர் 3 எக்ஸ் ஒரு விடை.

இதை 1739இல் தன் பழைய வாத்தியார் யோஹான் பெர்னோலிக்குக் கடிதத்தில் எழுதினார். சனிக்கிழமைச் சந்தேகம் கேட்ட பையன், இப்போது வாத்தியாருக்கே புதுசாகச் சொல்லிக் கொடுத்தான். 1743இல் அது அச்சில் வந்தது. இன்று என்ஜினீயரிங் முதல் வருஷம் போகிற அண்ணன் அக்காக்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், துணைச் சமன்பாடு என்ற பெயரில் இதேதான் இருக்கும்.

கே ஸ்கொயர் பிளஸ் 1 சமம் 0 என்று வந்தால்? மூலங்கள் கற்பனை எண்கள். அங்கேயும் அவர் விடவில்லை. இ பவர் ஐ எக்ஸ் என்பது காஸ் எக்ஸ் பிளஸ் ஐ சைன் எக்ஸ் என்று 1748 நூலில் நிறுவினார். வளர்ந்துகொண்டே போகிற இ பவர் எக்ஸும், மேலும் கீழும் ஆடுகிற சைன் காஸும் சொந்தக்காரர்கள் என்று அதற்கு முன் யாருக்குத் தோன்றியிருக்கும்!

1741இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் அழைத்து, குடும்பத்தோடு பெர்லின் போனார். ரஷ்யாவில் அப்போது அரசியல் நிலைமை சரியில்லை. வாயைத் திறந்தால் ஆபத்து. பெர்லினில் ராஜமாதா, ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, பேசினால் தூக்கில் போடுகிற நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று பதில் சொன்னாராம். பெர்லினில் 25 வருஷம் இருந்தார். மன்னருக்கு வாய் சாமர்த்தியம் உள்ளவர்களைத்தான் பிடிக்கும். ஆய்லரோ எளிமையான பக்திமான், நாகரிகப் பேச்சு வராது. மன்னர் அவருடைய ஒற்றைக் கண்ணை வைத்துக் கேலி செய்தார். தன் காலத்தின் மிகப் பெரிய கணித அறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய குறையைப் பார்த்துச் சிரித்த அரசரைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அந்த வருஷங்களில் ஆய்லர் எழுதிக் குவித்தார். மன்னரின் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு அறிவியலை எளிமையாக விளக்கி 200க்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். அவை புத்தகமாகி ஐரோப்பா முழுவதும் விற்றன.

1766இல் ரஷ்ய அரசி இரண்டாம் கத்தரீன் மரியாதையோடு அழைக்க, 59 வயதில் திரும்பவும் பீட்டர்ஸ்பர்க் போனார். போன கொஞ்ச காலத்திலேயே மிச்சம் இருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து பார்வை போயிற்று. 1771இல் அறுவை சிகிச்சை செய்தார்கள். சில நாள் பார்வை வந்தது. பிறகு கண்ணில் சீழ் பிடித்து, மிகுந்த வேதனையோடு மறுபடியும் இருட்டு. அதே 1771இல் நகரத்தில் பெரிய தீ விபத்து, அவர் வீடும் எரிந்தது. கண் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்ட 64 வயது மனிதரை, பாசெல் ஊர்க்காரரான பீட்டர் கிரிம் என்ற கைவினைஞர் உள்ளே ஓடித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றினார். நல்ல வேளையாகக் கையெழுத்துப் பிரதிகளையும் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டார்கள். 1773இல் மனைவி கத்தரீனா இறந்தார்.

இத்தனைக்கும் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுதும் வேகம் கூடியது! அவர் எழுதியவற்றில் ஏறக்குறைய பாதி, இந்தக் கடைசி 17 வருஷத்தில் வந்தது. 1775இல் மட்டும் சராசரியாக வாரத்துக்கு ஒரு கட்டுரை. அவர் சொல்லச் சொல்ல மகன் யோஹான் ஆல்பிரெக்டும், லெக்ஸெல், ஃபுஸ் போன்ற உதவியாளர்களும் எழுதினார்கள். கணக்கே படிக்காத ஒரு தையல்காரப் பையனை வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்ததுதான் அவருடைய இயற்கணிதப் புத்தகம். எழுதி முடிப்பதற்குள் அந்தப் பையனுக்கே இயற்கணிதம் வந்துவிட்டதாம். 1772இல் வெளிவந்த சந்திரனின் இயக்கம் பற்றிய பெரிய நூலும் இப்படித் தலைக்குள் போட்ட கணக்குதான்.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவருடைய ஞாபக சக்தியைத்தான் புகழ்கிறார்கள். லத்தீன் காவியம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பார், எந்தப் பக்கத்தின் முதல் வரி கடைசி வரி எது என்றும் சொல்வார் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் ஞாபக சக்தி மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. கரும்பலகை இல்லாமல் தலைக்குள் கணக்குப் போட வேண்டுமானால், கணக்கு தலைக்குள் அடங்குகிற மாதிரி இருக்க வேண்டும். இ பவர் கே எக்ஸைப் பத்துத் தடவை வகையிட்டாலும் அதன் முகம் மாறாது, கே பவர் 10 மட்டும் முன்னால் வரும். வாலோடு வருகிற அடிமானத்தை வைத்திருந்தால் ஒவ்வொரு படியிலும் 2.30258ஐயும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இ மட்டுமல்ல, சார்புக்கு எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதுவது, கூட்டலுக்கு சிக்மா, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு ஐ, எல்லாம் அவர் கொண்டுவந்தவை. பை என்ற குறியீட்டையும் ஊரெல்லாம் பரப்பியவர் அவர்தான். கண் நன்றாகத் தெரிந்த நாளிலேயே எழுத்தைக் குறைத்து, சுமையைக் குறைத்து வைத்த மனிதருக்கு, கண் போன நாளில் அது கை கொடுத்தது. நான் புரிந்துகொண்டது இப்படித்தான்.

1783 செப்டம்பர் 18. ஆய்லருக்கு 76 வயது. காலையில் பேரக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷம்தான் பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்டிருந்தார்கள். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. பலூன் எந்த வேகத்தில் மேலே ஏறும் என்று ஆய்லர் பலகையில் சுண்ணக்கட்டியால் பெரிய எழுத்தில் கணக்குப் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லெக்ஸெலோடு, இரண்டு வருஷம் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணி வாக்கில் மூளையில் ரத்தக் கசிவு. நினைவு தப்பியது. அன்றிரவே இறந்தார்.

அவர் எழுதியவற்றை 866 என்று எண் போட்டுப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இறந்த பின்னும் பீட்டர்ஸ்பர்க் கழகம் அவருடைய அச்சாகாத கட்டுரைகளை ஏறக்குறைய 50 வருஷம் வெளியிட்டுக்கொண்டே இருந்தது. 1911இல் தொடங்கிய மொத்தத் தொகுப்பு 80 பெரிய புத்தகங்களைத் தாண்டிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பழைய 10 ஃபிராங்க் நோட்டிலும் அவர் படம் இருந்தது.

பலகையில் இருந்த பலூன் கணக்கை யாரும் அழித்துவிடவில்லை. அதைப் பார்த்து எழுதி எடுத்து, மகன் பாரிஸுக்கு அனுப்பினார். அதுவும் அச்சில் வந்தது.